மிச்சமிருக்கும் ஒற்றைச் சடை

அன்புள்ள தம்பிக்கு,

முந்தாநாள் போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “சலூனுக்குக் கூட்டிட்டுப் போய் மிச்சத்தையும் வெட்டிவிட்ருங்கப்பா. இதோட இந்தத் தொல்லை ஒழியட்டும்” என்றாய். நான் “சரிப்பா” என்றேன். உடனே மீட்டிங் இருக்கிறதென்று வைத்துவிட்டாய். அந்தச் “சரிப்பா” பொய். உன் மகனை நான் இன்னும் சலூனுக்குக் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போகிற எண்ணமும் இல்லை. இதை எழுதும்போதுகூட அவன் எனக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்து ஒரு மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருக்கிறான். வலது பக்கம் வெட்டுப்பட்ட முடி குத்திட்டு நிற்கிறது. இடது பக்கம் ஒற்றைச் சடை முதுகில் கிடக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லைதான். இருந்தும் ஏன் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் “அப்புறம் பேசுறேன்ப்பா” என்பாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

லீவுக்குப் பிள்ளைகளை இங்கே காரைக்குடியில் விட்டுவிட்டு நீயும் மீனாவும் ஓசூர் திரும்பிய அன்று, உன் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. எனக்கும்தான். ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த வீட்டில் கடிகாரச் சத்தமும் உன் அம்மா சீரியல் சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. யாழினியும் கவினும் வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. வாசல் மணியைக் கவின்தான் அடிக்க வேண்டும். தெரியாத்தனமாக நான் அடித்துவிட்டால், தெருமுனை வரைக்கும் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி நடந்து வந்து, அவன் அடித்து, உள்ளே இருந்து அப்பத்தா “யாரு?” என்று கேட்டு, அவன் “கவின்” என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் நுழைய முடியும். சித்திரை வெயிலில் கையில் காய்கறிப் பையோடு இரண்டு முறை வீட்டுக்கு வருவது என்ன சுகம் என்று உனக்குத் தெரியாது. யாழினி வேறு மாதிரி. அவளுக்குக் கேள்விதான். “ஐயா, உங்க தலையில இருந்த முடியெல்லாம் எங்க போச்சு? நீங்களும் சாமிக்குக் குடுத்துட்டீங்களா?” என்று பேங்க் வரிசையில் நின்றுகொண்டு, எல்லோரும் கேட்கிற மாதிரி கேட்கிறாள். எனக்கு முன்னால் நின்ற மனிதர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் முடி இல்லை.

இந்த எரிச்சலையெல்லாம் சொல்லிக் காட்டவில்லை தம்பி. ஓசூரில் உங்கள் வீட்டுக் காலை எப்படி இருக்கும் என்பதை வந்து பார்த்தவன் நான். ஒரு காலுக்கு ஷூ இருக்கும், சாக்ஸ் இருக்காது. டிபன் பாக்ஸ் மூடியைக் காணோம். கீழே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். நீ “சீக்கிரம்” என்பாய், மீனா “சீக்கிரம்” என்பாள், கவின் ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்போது உன் முகம் போன போக்கைப் பார்த்து, பிள்ளைகளிடம் இவ்வளவு கோபமா என்று மனசுக்குள் உன்னைத் திட்டினேன். பிள்ளைகள் இங்கே வந்த ஒரு வாரத்தில் நானும் “சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்தியிருக்கிறேன். எங்கே போவதற்கு? எங்கேயும் இல்லை. குளிக்க வைப்பதற்கு. அதனால் கோபப்படாதே என்று உனக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பிள்ளை வளர்க்கிற வீட்டில் ஒருநாளைக்கு நூறு தடவை கோபமும் வரும், அதே அளவுக்குச் சிரிப்பும் வரும். இரண்டும் பெரும்பாலும் ஒரே காரியத்துக்காகத்தான் வரும்.

உன் மகன் தலைமுடியையே எடுத்துக்கொள். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி என்பதால் தலைசீவும் வேலை என் தலையில் விழுந்தது. இத்தனை வயதில் சடை பின்னக் கற்றுக்கொண்டேன் தெரியுமா? கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைப்பேன். என் போனில் பொக்லைன் மண் அள்ளுகிற வீடியோ ஓடினால்தான் உட்காருவான். சீப்பு படுவதற்கு முன்னாலேயே “வலிக்குது” என்பான். தேங்காயெண்ணெய் தொட்டுச் சிக்கெடுத்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். யாழினி பக்கத்தில் நின்று, “ஐயா, வகிடு கோணல், மொதல்லேருந்து எடுங்க” என்று மேஸ்திரி வேலை பார்ப்பாள். அவள் முடியைவிடத் தம்பி முடி நீளம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. வெயிலுக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டால் அவன் கழுத்தில் காற்றுப் படும், கொஞ்சம் அழகாகவும் இருக்கும். பின்னி முடித்ததும் அவன் திரும்பி என் கன்னத்தில் எண்ணெய்க் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடுவான். அந்த ஒரு தட்டுக்காக மறுநாளும் ஸ்டூலைப் போடுவேன்.

ஆனால் வெளியே கூட்டிப் போனால் வேறு கதை. பால் வாங்கப் போனால் “பாப்பா பேரு என்ன?”, மிட்டாய்க் கடையில் “பாப்பாவுக்கு எது வேணும்?”. அவன் ஒவ்வொரு தடவையும் “நான் பாப்பா இல்ல, பையன்” என்று திருத்துவான். கண்டனூரில் என் நண்பர் மகளுக்குக் கல்யாணம், பெரிய வீட்டில். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்து, கழுவி, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் தூணுக்குத் தூண் ஓடி விளையாடின. அங்கே ஓர் ஆச்சி மல்லிகைப்பூப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு வருகிற பெண்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கவினைப் பிடித்து நிறுத்தி, “இந்தா தங்கம், இப்புடித் திரும்பு, ஆச்சி பூ வச்சுவிடுறேன்” என்றார். அவன் “நான் பையன்” என்றான். ஆச்சி நம்பவில்லை. “சரித்தா, நீ பையந்தான், திரும்பு” என்றார். உன் மகன் அங்கேயே டவுசரை இறக்கிக் காட்டிவிட்டான்.

வீடே சிரித்தது. ஆச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன், அவனும் சிரித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்டான்: “ஐயா, லீவு முடிஞ்சு சேரப் போற புது ஸ்கூல்லயும் இப்படிக் காட்டணுமா?” “அதெல்லாம் வேண்டாம்டா” என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் யாழினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். அவள் கேட்கிறாள் என்பதை நான்தான் கவனிக்கவில்லை.

அந்த முடி ஏன் இன்னும் அவன் தலையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுத்தில் பார்த்தால் உனக்கே எப்படி இருக்கிறதென்று பார். பிறந்த முடியைச் சிங்கம்புணரிப் பக்கம் கம்மாய்க்கரையில் இருக்கிற நம் குலசாமிக்குத்தான் இறக்க வேண்டும், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் இறக்க வேண்டும், காதும் அதே மடியில்தான் குத்த வேண்டும். ஒற்றைப்படை வயதில் செய்வது வழக்கம். கவினுக்கு ஒரு வயதில் செய்வதாக இருந்தோம். அதற்கு முன்னால் மீனாவின் தம்பி முத்துவுக்குக் கல்யாணம் வந்தது. மீனாவுக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அந்தக் கல்யாணத்துக்கு அவன் நண்பர்கள் மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் நண்பர்கள் படமெல்லாம் கூலிங்கிளாஸோடு ஆளுயரம். மாப்பிள்ளையின் ஒரே அக்கா புருஷனான உன் படம் கீழ்மூலையில் தீப்பெட்டி அளவு. நீ அதைப் பார்த்தாய். தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். மீனாவும் பிள்ளைகளும் எங்களோடு பஸ்ஸில் வந்தார்கள். கைக்குழந்தையாக இருந்த கவின் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான்.

நீ கோபப்பட்டது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் மரியாதை என்பது சோற்றுக்கு உப்பு மாதிரி. எனக்கும் அந்தப் படத்தைப் பார்த்துச் சுருக்கென்றுதான் இருந்தது. முத்துவும் சின்னப்பிள்ளைப் புத்தியில், “போறவுகள இழுத்துப் பிடிச்சா நிறுத்த முடியும்?” என்று யாரிடமோ சொல்ல, அது உன் காதுக்கு வர, அன்றோடு பேச்சு நின்றது. ஒரு வயது போனது. மூன்று வயதும் போனது. “ஒண்ணுவிட்ட மாமன் யாரையாச்சும் உக்கார வச்சு இறக்கிரலாம்ப்பா” என்று நீ சொன்னபோது மீனா அடுப்படியில் நின்றிருந்தாள். கையில் இருந்த கரண்டியை மட்டும் கீழே வைத்தாள். அப்படியே இப்போது அவனுக்கு நான்கு முடிந்து ஐந்து நடக்கிறது.

வெட்டிய கதைக்கு வருகிறேன். முந்தாநாள் மத்தியானம் அம்மா கண் அயர்ந்திருந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என்னுடையது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பேப்பரை. உள்ளறையில் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தன. சத்தம் கேட்டால் ஓடுகிறோம், சத்தமில்லாதபோது நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளை வளர்த்தவன் செய்யக் கூடாத காரியம் இது. உன்னை வளர்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், கவின் என் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறான். யாழினி கையில் பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரி. கீழே தரையில் ரிப்பனோடு வலது பக்கத்துச் சடை கிடக்கிறது. இடது சடையைக் கையில் பிடித்துவிட்டாள். நான் போட்ட கூச்சலில் கத்தரி கீழே விழுந்தது. உன் அம்மா எழுந்து ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “சாமி முடிங்க அது! பேப்பர்ல என்னத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தீக?” என்று எனக்கு விழுந்தது. எட்டுகிற இடத்தில் கத்தரியை வைத்தவனும் நான்தான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

யாழினியை நிறுத்தி, “ஏன்டி வெட்டுன?” என்று கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “ஸ்கூல் திறந்தா எல்லாரும் தம்பிய பாப்பான்னு கூப்பிடுவாங்க. அவன் டவுசர கழட்டிக் காட்டுவான். மிஸ் அடிப்பாங்க. அப்பாகிட்ட வெட்டச் சொன்னேன், மாமா வரணும்னாங்க. மாமாவ வரச் சொல்லுங்கன்னேன், பேசாமப் போயிட்டாங்க. அதான் நானே வெட்டிட்டேன்” என்றாள். இதில் எந்த இடத்தில் அவளைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. கவின் இதற்குள் கண்ணாடியில் வலது பக்கத்தை மட்டும் காட்டி, “இங்குட்டுப் பாத்தா பையன்” என்றான். இடது பக்கத்தைத் திருப்பி, “அங்குட்டுப் பாத்தா பாப்பா” என்றான். நம்ம ஊர்ப் பேச்சு அதற்குள் அவனுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அழுதுகொண்டிருந்த உன் அம்மாவே சிரித்துவிட்டாள்.

பூசாரிக்குப் போன் போட்டேன். அவர் பதறவில்லை. “சின்னப்பிள்ள செஞ்சதுக்கெல்லாம் சாமி கோவிச்சுக்கிறாது. வெட்டுன முடிய மஞ்சத்துணியில முடிஞ்சு வைங்க, மிச்சத்தோட சேத்து இறக்கிருவோம். பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள வாங்க. ஆனா ஒண்ணு, மாமன் இல்லாமக் கூட்டியாராதீக. இந்தப் பிள்ளைக்கு மாமன் இருக்கான்ல?” என்றார். இருக்கிறான் என்றேன். அன்றைக்கே நான் அனுப்பிய போட்டோவை மீனா பார்த்து உன்னிடம் காட்ட, நீ எனக்குப் போன் செய்து சலூனுக்குக் கூட்டிப் போகச் சொன்னாய். மீனா அதே போட்டோவைத் தன் தம்பிக்கும் அனுப்பியிருக்கிறாள். நீ இல்லாத நேரத்தில் அவள் முத்துவோடு பேசுவது உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாய். உன் பிள்ளைகள் அவனுக்குப் போன் மாமா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நேற்று அந்தப் போன் மாமா வந்தான். திருப்பத்தூரிலிருந்து பைக்கில் வந்து, வாசலில் நின்றபடியே, “மாமா, இருக்கீகளா?” என்று கூப்பிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே வரலாமா கூடாதா என்று அவனுக்குச் சந்தேகம். “வா மாப்ள” என்றேன். ஆள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். பொக்லைன் ஒன்று வாங்கி வாடகைக்கு விடுவதாகச் சொன்னான். அந்த ஒரு வார்த்தை கவின் காதில் விழுந்ததும் முடிந்தது கதை. “உங்ககிட்ட நெஜப் பொக்லைன் இருக்கா? எங்க நிக்குது? ஏன் அதுல வரல?” என்று அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டான். முத்து குனிந்து அவன் தலையைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். அந்த ஒற்றைச் சடையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

கொண்டுவந்த பையைத் திறந்தான். மூன்று கவர். ஒவ்வொன்றிலும் பட்டு வேட்டியும் சட்டையும். “இது ஒரு வயசுல இறக்குறதா இருந்தப்ப எடுத்தது மாமா. இது மூணு வயசுக்கு. இது போன மாசம் எடுத்தேன். அக்காகிட்ட அளவு கேட்டேன். இதுவும் பத்தாமப் போயிருமோன்னு பயமா இருக்கு” என்றான். கடுக்கன் ஒரே ஜோடிதான், அதற்கு அளவு மாறாதல்லவா. ஒரு வயதுச் சட்டையைப் பார்த்தால் உள்ளங்கை இரண்டை விரித்த அளவு. யாழினி அதை வாங்கித் தன் கரடி பொம்மைக்குப் போட்டுவிட்டாள், சரியாக இருந்தது. இத்தனை வருஷம் நாம் அவனுக்கு ரோஷம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவன் ஜவுளிக்கடையில் போய்ச் சின்னச் சட்டைக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

யாழினி அவனை விடவில்லை. “போன் மாமா, அப்பா ஏன் உங்ககூடப் பேச மாட்டேங்கிறாங்க?” என்றாள். நான் அதட்ட வாயெடுத்தேன். முத்து கைகாட்டி நிறுத்திவிட்டு அவளிடமே சொன்னான்: “எங்க கல்யாண ஃப்ளெக்ஸ்ல உங்கப்பா படத்தச் சின்னதாப் போட்டுட்டோம்டா. மாமா அத மொதல்லயே பாத்திருக்கணும், பாக்கல. அப்பாவுக்குக் கோவம் வந்துருச்சு.” “எவ்ளோ சின்னதா?” விரலில் காட்டினான். அவள் அந்த விரல் இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பியின் சடையைப் பார்த்தாள். “அப்ப பெரிசா ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க, முடிஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டுக் கரடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் இரண்டு பெரிய மனிதர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அவன் கிளம்ப எழுந்தபோது அம்மா, “வெண்டைக்கா மண்டிக் கொழம்பு வச்சிருக்கேன், சாப்பிட்டுத்தான் போகணும்” என்றாள். “சாப்பிடாமப் போறதுக்கு நான் என்ன மச்சானா?” என்று விளையாட்டாகச் சொன்னான். சொன்ன வேகத்தில் அவன் முகமே வாடிவிட்டது. உட்கார்ந்தான். இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னான்: “அன்னைக்கு மச்சானோட உக்காந்துதான் சாப்பிடணும்னு ரெண்டு இலை போடச் சொல்லியிருந்தேன் மாமா. அப்பா இருந்தா அப்பாவோட உக்காந்திருப்பேன். அப்பா இல்ல, அந்த எடத்துல மச்சான்தான்னு நெனச்சிருந்தேன். பொண்ணு வீட்டுல கூப்பிட்டாக, போகல. கடைசிப் பந்தி வரைக்கும் அந்த இலையப் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் எடுக்கச் சொல்லிட்டேன். நானும் அன்னைக்குச் சாப்பிடல.” கவின் இதற்குள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் இலையிலிருந்தே அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பொக்லைன்காரன் மடி என்றுதான் உட்கார்ந்தான்.

இது உனக்குத் தெரியாது. எங்களுக்கும் நேற்றுத்தான் தெரியும். அன்று நீ ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் போனாய். உள்ளே உனக்காக ஓர் இலை போட்டிருந்ததை நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உன்னை எனக்குத் தெரியும்.

உனக்கு முடி இறக்கியபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் தாய்மாமனும் நானும் அப்போது பேசிக்கொள்வதில்லை. அவர் அவசரத்துக்கு என் வண்டியைக் கேட்டு, நான் பெட்ரோல் இல்லை என்று சொல்லி, அவர் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டார். அவ்வளவுதான். கோயிலில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். உன்னை அவர் மடியில் வைத்தார்கள். கத்தி தலையில் பட்டதோ இல்லையோ, அவர் புது வேட்டியை நீ முழுக்க நனைத்துவிட்டாய். எல்லோரும் பதறினார்கள். அவர் அசையவே இல்லை. “இருக்கட்டும் விடுங்க, எம் மருமகன் மாமனைக் குளிப்பாட்டுறாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். அந்த ஈர வேட்டியோடுதான் கிடாச் சோறு சாப்பிட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை மாலையை இரு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தவர் அவர்தான், நினைவிருக்கிறதா?

பெரியவர்கள் சண்டை போடாத வீடு எங்கே இருக்கிறது? போட்டுக்கொள்ளலாம். ஆனால் நம் கோபத்தை நம் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நீ உன் மகன் தலையில் வளர்த்துவிட்டாய் தம்பி. அதைத்தான் நான் தினமும் எண்ணெய் தடவிச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது வலி அவனுக்கு, இடுப்பு வலி எனக்கு, கத்தரி உன் மகள் கையில். உனக்கு மீட்டிங். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், பரவாயில்லை, அப்பன்தானே சொல்கிறேன். சலூனில் வெட்டினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், தொல்லை ஒழிந்துவிடும் என்கிறாய். முடி ஒழியும். மீனா கீழே வைத்த கரண்டி அப்படியேதான் கிடக்கும்.

அதனால் இந்த ஒற்றைச் சடையை நான் தொட மாட்டேன். வெட்டின சடை மஞ்சள் துணியில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. வைகாசி வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோதாக இருக்கிறதென்று பூசாரி சொல்கிறார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வந்துவிடுகிறது. அம்மா பொங்கலுக்குப் பானை எடுத்து வைத்துவிட்டாள். பங்காளிகளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். முத்துவுக்கு மட்டும் நான் சொல்லவில்லை, அவனும் என்னிடம் கேட்கவில்லை. தாய்மாமனைப் பிள்ளையின் அப்பன்தான் அழைக்க வேண்டும். அவன் நம்பர் மீனாவிடம் இருக்கிறது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பொக்லைன் எப்படி ஓடுகிறது என்று கேள், அவனே மற்றதைப் பேசுவான். ஃப்ளெக்ஸ் எதுவும் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. யாழினி காலண்டர் தாளின் பின்பக்கம் உன்னைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் மாமாவைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கிறாள். அது போதும்.

நேற்றுப் புறப்படும்போது முத்து அம்மாவிடம், கோயிலில் கிடா வெட்டினால் பந்திக்கு வாழையிலை அவன் தோட்டத்திலிருந்து வரும் என்றான். வாசல் வரை போனவன் திரும்பி, “மொதப் பந்தியில ரெண்டு இலை பக்கத்துல பக்கத்துல போடணும் அத்தை, மறந்துறாதீக” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மீனாவைக் கூட்டிக்கொண்டு வா. காலையில் வழியில் எங்கேயும் டிபன் சாப்பிட்டுவிடாதே. பசியோடு வா.

உன்
அப்பா